அண்ணிக்கு ஒட்டிய சிவப்புச் சீட்டு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு அளவுகோல் என்று பெயர். நேரில் யாரும் சொல்வதில்லை, முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் எனக்குக் காது நன்றாகக் கேட்கும். டப்பியில் எண்ணைப் பென்சிலால் எழுதாமல் பேனாவால் எழுதினால் திருப்பி அனுப்புவேன், ஏனென்றால் பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்து யாருடைய சதை யாருடையது என்று தெரியாமல் போய்விடும். வரிசையைத் தாண்டி ஒருவரின் சதையை முன்னால் போடச் சொன்னால் யாராக இருந்தாலும் முடியாது என்பேன். ஒருமுறை தலைமை டாக்டரின் மாமியாருக்கே முடியாது என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் நிலைத்தது.

வேலை இதுதான். ஆஸ்பத்திரியில் அறுத்து எடுக்கிற சதையெல்லாம் ஃபார்மலின் ஜாடியில் எங்களிடம் வரும். வெட்டுமேசையில் ஒருவர் அதிலிருந்து நகம் அளவு துண்டுகளை எடுத்துச் சின்னப் பிளாஸ்டிக் டப்பிகளில் அடைப்பார். அவர் வேலை செய்யும்போது முழுக்கப் பாடிக்கொண்டே இருப்பார், அதனால் அவர் பாட்டுக்காரர். டப்பிகள் ராத்திரி முழுவதும் மிஷினில் ஊறி, காலையில் மெழுகில் பதிந்து, கட்டிகளாக என்னிடம் வரும். நான் அவற்றைத் தலைமுடியைவிட மெல்லியதாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்திச் சாயமேற்றிக் கொடுப்பேன். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன நோய், எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எழுதுவார். பத்தொன்பது வருஷமாக இதைச் செய்கிறேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன், அண்ணி, நான். என் கல்யாணம் பதினெட்டு மாதம் ஓடியது, அதற்குமேல் ஓடவில்லை. ரெண்டு பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். நாத்தனார் வந்து நின்றால் எந்த வீட்டுக்காரியும் நூறு கேள்வி கேட்பாள். அண்ணி ஏன், என்ன, எத்தனை நாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் அலமாரியில் பாதியைக் காலி செய்தாள். "பாதி உனக்கு. கதவை மட்டும் டமால்னு சாத்தாத, கீல் லூசா இருக்கு" என்றாள். அந்தக் கீல் இன்றைக்கும் லூசாகத்தான் இருக்கிறது, நானும் இன்றைக்கும் அந்தப் பாதியில்தான் துணி வைக்கிறேன்.

அண்ணிக்குச் சலவைக் கடையில் வேலை, துணி வாங்கும் மேசையில். வருகிற ஒவ்வொரு துணியையும் விரித்து, கறையைப் பார்த்து, பையைப் பார்த்து, சீட்டு ஒட்டி உள்ளே அனுப்ப வேண்டும். பையைத் திருப்பாமல் அவள் எந்தத் துணியையும் உள்ளே விட்டதில்லை. சட்டைப்பை, கால்சட்டைப்பை, கோட்டின் உள்பை, அதற்குள்ளே இருக்கும் குட்டிப்பை எல்லாவற்றையும் விரலை விட்டு வெளியே இழுத்துவிடுவாள். "ஒரே ஒரு பேனா போதும், ஒரு மிஷின் துணியும் நாசமாயிடும்" என்பாள். மறுநாளே வேண்டும் என்கிற துணிக்கு அங்கே சிவப்புச் சீட்டு ஒட்டுவார்கள். அண்ணிக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"செவப்பு ஒட்டின துணியிலதான்டி கறை தங்கும்," என்பாள். "அவசரத்துல எவளும் மடிப்பைப் பிரிச்சுப் பாக்க மாட்டா."

எங்கள் ஆய்வுக்கூடத்திலும் அவசரத்துக்குச் சிவப்புச் சீட்டுதான். உயிருக்கு ஊசலாடுகிறவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் மட்டும் ஒட்டுவது. அந்தச் சீட்டுக்கட்டு என் இழுப்பறையில்தான் இருக்கும், பூட்டு போட்டு.

அண்ணிக்கு மாதவிலக்கு நின்று ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. "அப்பாடா, விட்டது சனியன்" என்று பழைய துணிகளைத் தூக்கிப் போட்டதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு மறுபடி ரத்தம் பட ஆரம்பித்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ரத்தக் கறையை எடுக்கத் தெரிந்தவளுக்கு மறைக்கச் சொல்லித் தரவா வேண்டும்? பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டு, சுவடே இல்லாமல் எடுத்துவிடுவாள். ஐந்து மாதம் அப்படியே ஓட்டியிருக்கிறாள். எனக்குச் சந்தேகம் வந்தது படுக்கை விரிப்பால். எங்கள் வீட்டு விரிப்புகள் எப்போதும் அவள் கடைக்குத்தான் போகும். திடீரென்று ஒரு வியாழக்கிழமை காலையில் அவள் குளியலறையில் உட்கார்ந்து கையால் விரிப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அண்ணி, கடை மூடிட்டாங்களா?"

"சும்மாதான். கை அரிச்சுது."

வாளியை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன், குரல் இறங்கிவிடும். அண்ணிக்கு அது தெரியும். "போய் சேலை மாத்துங்க" என்றேன். அவள் எழுந்து போனாள்.

கருப்பையின் உள்சுவரில் புற்றுநோய் என்று பயாப்சியில் வந்தது. ஸ்கேனில் எல்லாம் உள்ளுக்குள்ளேயே இருப்பதாகத் தெரிந்தது. ஆரம்பக் கட்டம், எடுத்துப்போட்டால் முடிந்தது என்றார் அறுவை டாக்டர். கருப்பை, ரெண்டு கருக்குழாய், ரெண்டு சினைப்பை எல்லாவற்றையும் எடுத்தார்கள். அன்று காலை அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து வலது காலால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தான். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பயம் வந்தால் இல்லாத பிரேக்கை மிதிப்பான்.

ஜாடி மத்தியானம் எங்களிடம் வந்தது. வீட்டு மனுஷர்களின் ஜாடியை நாங்கள் தொடுவதில்லை, அது வழக்கம். நானும் தொடவில்லை. வேறொன்று செய்தேன். இழுப்பறையைத் திறந்து, ஒரு சிவப்புச் சீட்டைக் கிழித்து, என் கையெழுத்துப் போட்டு, அண்ணியின் படிவத்தில் ஒட்டினேன். அண்ணி உயிருக்கு ஊசலாடவில்லை, கைக்குழந்தையும் இல்லை. எனக்குக் காத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ரெண்டாம் நாளே அறிக்கை வந்துவிட்டது. சாதாரணமாக ஆறு நாள் ஆகும். முதல் கட்டம், தசையில் பாதி ஆழம்கூடப் போகவில்லை, குழாய்களிலும் சினைப்பைகளிலும் நோய் இல்லை. மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும். அண்ணன் கேக் வாங்கிவந்து ஆஸ்பத்திரி வாசல் காவலாளி வரைக்கும் கொடுத்தான். அண்ணி கட்டிலில் படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஆளுங்க கெட்டிக்காரங்கதான்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அந்த வாரம் முழுவதும் நான் யாருடைய பேனா எழுத்தையும் திருப்பி அனுப்பவில்லை.

மாதத்துக்கு ஒருமுறை பழைய மெழுகுக் கட்டிகளை எண் வாரியாக அட்டைப் பெட்டிகளில் அடுக்குவது என் பொறுப்பு. ஒரு திங்கட்கிழமை அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணியின் எண் வந்தது. தொடக்கூடாதுதான், ஆனால் அடுக்காமலும் விடமுடியாது. கையில் எடுத்தபோது கட்டு லேசாக இருந்தது. எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான்.

புற்றுநோய்க்காக எடுத்த கருப்பை என்றால் எங்களிடம் இருபதுக்குக் குறையாமல் கட்டி வரும். கருக்குழாயின் நுனியில் குஞ்சம் மாதிரி ஒரு பகுதி உண்டு, சினைப்பையைத் தொட்டுக்கொண்டு இருக்கும். கருப்பையிலிருந்து கிளம்புகிற நோய், குழாய் வழியாக வந்து, கண்ணுக்குத் தெரியாமல் அந்தக் குஞ்சத்திலோ சினைப்பையிலோ உட்கார்ந்துகொள்ளும். பார்க்கிறவருக்கு எல்லாம் பளிச்சென்று இருக்கும். அதனால் குஞ்சத்தை முழுசாக, சினைப்பையை வரிசையாகச் சீவி டப்பியில் போட வேண்டும் என்பது எங்கள் விதி. நூற்றுக்கு மூன்று நாலு பேருக்குத்தான் எதுவும் இருக்கும். அந்த மூன்று நாலு பேருக்காகத்தான் விதியே. இதே விதிக்காக முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் ஜாடியைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பாட்டுக்காரரோடு நான் சண்டை போட்டு, ரெண்டு மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

அண்ணிக்கு இடது பக்கம் ஒரு டப்பி, வலது பக்கம் ஒரு டப்பி.

வெட்டுமேசைக்குப் போனேன். பாட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினார்.

"எங்க அண்ணிக்கு ஏன் பதினொண்ணுதான் இருக்கு?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "நீங்கதானே அன்னிக்குக் கதவுல வந்து நின்னீங்க. ஒரு மணி நேரத்துல மூணு தடவ. மூணு மணிக்கு மிஷின்ல போட்டாத்தான் நாளைக்குக் கெடைக்கும், போடுங்க போடுங்கன்னு. செவப்பு வேற ஒட்டியிருந்துச்சு. குழாய் ரெண்டும் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. அதுல ஒண்ணு இதுல ஒண்ணு எடுத்துட்டு, மீதிய அப்புறம் எடுப்போம்னு வச்சேன். அதுக்குள்ள ரிப்போர்ட் போயிடுச்சு. எல்லாரும் கேக் சாப்பிட்டோம்." கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "உங்க வீட்டு ஆளுன்னுதான்மா அவ்ளோ வேகமா செஞ்சேன். வேற யாராவதா இருந்தா எப்பவும் போலத்தான் செஞ்சிருப்பேன்."

அவர் பொய் சொல்லவில்லை. வேறு யாராவதாக இருந்திருந்தால் எப்போதும் போலத்தான் செய்திருப்பார். அண்ணிக்கு நடந்த ஒரே கெடுதல் அவளுக்கு நான் வேண்டியவளாக இருந்ததுதான். பதறாத காரியம் சிதறாது என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

பின்னறைக்கு ஓடினேன். மிச்சச் சதை உள்ள ஜாடிகளை அறிக்கை போய் நாலு வாரம் வைத்திருப்போம், பிறகு எரிக்க அனுப்பிவிடுவோம். அண்ணியின் ஜாடி கீழ்த்தட்டில் இருந்தது. வியாழக்கிழமை போகவேண்டியது. அதை எடுத்து மேல்தட்டில், என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன்.

அன்று வீட்டுக்குப் போனால் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து சோம்பு மென்றுகொண்டு, கடைக்கு எப்போது போகலாம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "இன்னும் ரெண்டு வாரம். அதுக்குள்ள அந்தப் புதுப்பொண்ணு எத்தனை பேனாவைத் துவைச்சிருக்கோ" என்றாள். நான் சிரித்தேன். சாப்பிட உட்கார்ந்தேன், பாதியிலேயே தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். அன்றைக்கு அவளிடம் எதையும் சொல்லவில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது, திருட்டு யோசனை. யாருக்கும் சொல்லாமல் மிச்சத்தையும் சீவிப் பார்த்துவிடலாம். ஒன்றுமில்லை என்றால் யாருக்கும் தெரியவே வேண்டாம். மறுநாள் காலையில் டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, இதையும் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதினொண்ணு பாத்தப்போ நானும் கேட்டிருக்கணும். கேக்கல. அது என் தப்பு," என்றார். "இன்னிக்கே நானே உக்காந்து எடுக்குறேன். ஆனா அவங்களுக்குத் தெரியாம முடியாது. ஜாடிக்குள்ள இருந்தாலும் அது அவங்க உடம்பு. மொதல்ல நீங்க போய்ச் சொல்லிட்டு வாங்க."

"ஒண்ணும் இருக்காதுல்ல டாக்டர்?"

"இருக்காதுன்னுதான் நெனைக்கிறேன். நெனைக்கிறதுக்கா நம்மள வச்சிருக்காங்க?"

அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அண்ணன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான். அண்ணி மேசைமேல் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள், படுத்தே இருக்க அவளால் முடியாது. நின்றபடியே சொன்னேன். மெழுகுக் கட்டிகள் எண்ணிக்கையில் குறைந்திருப்பது, குழாயும் சினைப்பையும் முழுசாகப் பார்க்கப்படாதது, ஜாடி இன்னும் இருப்பது. ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

அண்ணன் முகம் சிவந்தது. "என்ன வெளையாட்டா இது? வந்த நல்ல சேதியைத் திருப்பி வாங்குறீங்களா? எவன் அவன், பாட்டுப் பாடுறவன்தானே? மனுஷ உயிரை வச்சுக்கிட்டு அரைகுறையா வேலை பாத்திருக்கான்." கார் சாவியை எடுத்தான். "எங்க இருப்பான் இப்ப? நான் போய் ரெண்டு வார்த்தை கேக்குறேன்."

கதவு வரைக்கும் போய்விட்டான். ரெண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்த மனுஷன் பாட்டுக்காரர். என் தொல்லை தாங்காமல் செய்ததற்கு அவர் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டுமா?

"அண்ணா, அவரைக் கேக்காத," என்றேன். "நான்தான் அவசரப்படுத்தினேன். செவப்புச் சீட்டு ஒட்டினது நான். மூணு தடவ போய் நின்னது நான்."

அண்ணன் என்னைப் பார்த்தான். சாவியை ஆணியில் மாட்டினான். மாடிப்பக்கம் போய்விட்டான். அவன் திட்டியிருந்தால் தேவலை.

நான் அண்ணியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன். அவள் துண்டை மடித்து முடித்து அடுக்கில் வைக்கிற சத்தம் கேட்டது.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"செவப்புச் சீட்டு. ஆஸ்பத்திரில இருந்து வரும்போது என் ஃபைல்ல அந்தப் படிவத்தோட நகல் இருந்துச்சு. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? தலைமை டாக்டரோட மாமியாருக்கே மாட்டேன்னவ, எனக்காக வரிசையைத் தாண்டியிருக்கான்னு நெனச்சேன்." அவள் அடுத்த துண்டை எடுத்தாள், ஆனால் மடிக்கவில்லை. "அதை நெனச்சு நெனச்சு ரெண்டு நாள் சிரிச்சிக்கிட்டே படுத்திருந்தேன். தையல் வலிச்சுது, அப்பவும் சிரிச்சேன்."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. பத்தொன்பது வருஷத்தில் நான் மீறிய முதல் விதி, அதை அவள் பரிசு மாதிரி வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல போய் மிச்சத்தைப் பாக்கச் சொல்லு. ஊரான் வீட்டுச் சட்டைக்கெல்லாம் பை திருப்பிப் பாத்தவ நான். எனக்குத் திருப்பாமப் போட்டுட்டு வந்திருக்கீங்க." கையில் இருந்த துண்டை உதறி மடித்தாள். "இந்தத் தடவ மெதுவாப் பாக்கச் சொல்லு. செவப்பு ஒட்டினே, கையை ஒடிச்சிடுவேன்."

டாக்டரம்மா தானே மேசையில் உட்கார்ந்து வெட்டினார். பாட்டுக்காரர் பக்கத்தில் நின்று டப்பிகளை நீட்டினார், அன்றைக்குப் பாடவில்லை. பதினான்கு டப்பி. எல்லாம் வரிசையில் போய், வரிசையில் வந்தது. என் வேலையையே செய்கிற இன்னொருத்தி சீவினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தகடுகள் டாக்டரம்மா அறைக்குப் போயின. நான் கதவில் போய் நிற்கவில்லை. என் மேசையில் உட்கார்ந்து ஒரே கட்டியை ஒன்பது தடவை சீவினேன்.

அவரே வந்து கூப்பிட்டார். அவருடைய மைக்ராஸ்கோப்பில் ரெண்டு பேர் பார்க்கலாம். உட்காரச் சொன்னார்.

"வலது பக்கம் சுத்தம். ரெண்டு சினைப்பையும் சுத்தம். இடது குழாய், நுனி," என்றார்.

பார்த்தேன். குஞ்சத்தின் மெல்லிய விரல்கள் ரோஜா நிறத்தில் அழகாக விரிந்திருந்தன. ஒரு விரலின் மடிப்பில், எள்ளைவிடச் சின்னதாக, ஊதா நிறத்தில் ஒரு கூட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு டாக்டர் படிப்பு இல்லை. ஆனால் பத்தொன்பது வருஷம் இந்தத் தகடுகளைக் கையில் ஏந்தியிருக்கிறேன், அது என்ன என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

"முதல் கட்டம்னு எழுதினதை மாத்தணும்," என்றார். "மருந்து ஏத்தணும், ஆறு தடவ. அதுக்கப்புறம் கதிர் வைக்கணுமான்னு பாப்பாங்க. இவ்ளோ சின்னதா இருக்கும்போதே பாத்துட்டோம், அது நல்லது. வியாழக்கிழமை ஜாடி போயிருந்தா, ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ கழிச்சு அவங்க வயித்துவலின்னு வந்துதான் நமக்குத் தெரிஞ்சிருக்கும்."

அண்ணி வீட்டில் இல்லை. பொழுது போகாமல் சலவைக் கடைக்கு நடந்தே போயிருந்தாள், சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று. போய்ப் பார்த்தால் மேசைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து புதுப்பெண்ணுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, கோட்டுகள் தொங்குகிற உள்பக்கத்துக்கு வந்தாள். ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகள், நடுவில் நாங்கள். நீராவி வாடை. கையில் யாருடையதோ ஒரு கால்சட்டையை எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள்.

"சொல்லு."

"இருக்கு அண்ணி."

"எங்க?"

"எடது குழாய் நுனியில. எள்ளு அளவுகூட இல்ல."

அண்ணியின் கை பழக்கத்தில் கால்சட்டைப் பைக்குள் போயிருந்தது. வெளியே வரவில்லை. அப்படியே நின்றாள். மிஷின் ஒன்று சுற்றி முடித்து நின்றது. அவள் கண் நிறைந்து, வழியாமல் நின்றது.

"பிழைச்சுப்பேனா?"

"பிழைச்சுப்பீங்க. மருந்து ஏத்தணும். முடி கொட்டும். வாந்தி வரும். ஆறு தடவ. நான் ஒவ்வொரு தடவையும் கூட வருவேன்."

"முடி கொட்டுமா?" என்றாள். "போகட்டும், இந்தச் சாயம் அடிக்கிற தொல்லை விட்டது." சொல்லிவிட்டு, பையிலிருந்து கையை வெளியே எடுத்தாள். ஒரு பஸ் டிக்கெட் வந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடி, என் தோளில் தலையைச் சாய்த்தாள். கோட்டுகளுக்கு நடுவே வெகுநேரம் அப்படியே இருந்தோம். அவளை நான் எவ்வளவு நேசிக்கிறேன் என்று அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன். "தெரியும்டி, செவப்புச் சீட்டு ஒட்டினவதானே" என்றாள்.

அண்ணன் என்னோடு பதினோரு நாள் பேசவில்லை. ஒரு கட்டிக்கு ஒரு நாளா என்று அண்ணிதான் கேட்டுச் சிரித்தாள். மருந்து ஏற்றுகிற முதல் நாள் காலையில் அவன் காரின் பின்கதவை எனக்காகத் திறந்துவிட்டான். அதுவே பேசினதற்குச் சமம். வழி முழுக்க இருபதிலேயே ஓட்டினான். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணி அடித்து முந்திக்கொண்டு போனார்.

"கத்துக்க வர்றவங்களே இதைவிட வேகமா ஓட்டுவாங்க," என்றாள் அண்ணி.

"அவசரம்னா நீ எறங்கி நட," என்றான் அண்ணன். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஏன், நான் சொல்றது சரிதானே?" என்றான். நான் சரி என்றேன். பதினோரு நாளில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

மருந்து ஏற்றும் அறையில் எட்டு நாற்காலிகள், சாய்ந்துகொள்கிற மாதிரி. ஜன்னலோரம் ஒன்று கிடைத்தது. நர்ஸ் கையில் ஊசி ஏற்றி, பையைத் தொங்கவிட்டு, குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தில் விரலை வைத்தார். பை மேல் எழுதியிருந்த பெயரையும் எண்ணையும் நான் ரெண்டு தடவை படித்தேன். பேனாவில்தான் எழுதியிருந்தார்கள். வாயைத் திறக்கப் போனேன், அண்ணி என் காலை மெதுவாக மிதித்தாள்.

"நாலு மணி நேரம் ஆகும்மா," என்றார் நர்ஸ். "வீட்டுக்குச் சீக்கிரம் போகணும்னா டாக்டரைக் கேட்டுக் கொஞ்சம் வேகம் வைக்க முடியுமான்னு பாக்குறேன். என்ன சொல்றீங்க?"

அண்ணி என் பக்கம் கையைக் காட்டினாள். "என் நாத்தனாரைக் கேளுங்க. எனக்கு அவசரம் பாக்குறது அவதான்."

நர்ஸ் என்னைப் பார்த்தார். அண்ணியும் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"மெதுவாவே போகட்டும் சிஸ்டர்," என்றேன். "எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல."

சொட்டு விழ ஆரம்பித்தது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டு ஊசி இல்லாத கையை என் மடியில் வைத்தாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு, நாலு மணி நேரமும் சொட்டுகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.